கெட்ட மாதத்துக் கடிதம்

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் மெசேஜ் வந்து நாலு நாளாகிறது. போனில் பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதினால்தான் விட்டுப்போகாமல் சொல்ல வரும் என்று தோன்றியதால் உட்கார்ந்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். பாப்பா ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

உனக்குச் சந்தா கட்டிவந்த, பதினோரு கிளை வைத்திருந்த கிளினிக் கஸ்டமர் போய்விட்டார், அதனால் மூன்று மாதமாக முதலீட்டாளர்களுக்குக் கம்பெனி நிலவரம் சொல்லும் அப்டேட் அனுப்பவில்லை, அடுத்த பெரிய ஆர்டர் கையெழுத்தானதும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன் என்கிறாய். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இதையே நானும் செய்திருக்கிறேன், உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழையில் எங்கள் கம்பெனியின் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகள் வரிசையாகத் திரும்பி வந்தன. 600 பெட்டி அனுப்பியதில் 140. கிணற்று மேட்டில் ஈரம் இறங்கி உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது. சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. எங்களுக்கு முதலில் பணம் போட்டவர் ஒரு ஸ்பின்னிங் மில்லை முப்பது வருடம் நடத்தி ஓய்வு பெற்றவர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? பொள்ளாச்சி டீலர் ஒருவர் கல்யாண வீட்டில் பார்த்தபோது அவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அந்த மில்காரர் ஷெட்டுக்கு வந்தார். திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினார். டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நஷ்டம் வந்ததுக்கு எனக்கு வருத்தமில்லீங்க தம்பி. இதை அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன் பாருங்க, அதுதானுங்க" என்றார். அவ்வளவுதான், குரலை உயர்த்தவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து இங்கே கணபதி பகுதியில் ஈரம் புகாமல் போர்டுக்கு ரெசின் ஊற்றித் தருகிற ஒருவருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் வழி பிறந்தது. அந்தப் போனை நான்கு மாதம் முன்பே போட்டிருப்பார், நான் சொல்லியிருந்தால்.

அன்றிலிருந்து மாதம் பிறந்து ஐந்தாம் தேதி முதலீட்டாளர்களுக்குக் கடிதம் போய்விடும். லாபமோ நஷ்டமோ தேதி மாறாது. கம்பெனிச் சட்டம் கேட்பது வருடக் கணக்கும் பொதுக்கூட்டமும்தான். என் ஒப்பந்தத்திலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றுதான் இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் நீண்ட காலம் மாப்ள, அதற்குள் ஒரு கம்பெனி மூடிப்போய்விடலாம்.

முதல் வரியில் கையிருப்பை எழுது. நான் எழுதிய முதல் கடிதத்தில் இப்படி இருந்தது: "வங்கியில் 38 லட்சம். வரவு போக மாதம் 9.5 லட்சம் குறைகிறது. நான்கு மாதம் ஓடும்." அந்தக் கடைசி மூன்று வார்த்தையை டைப் பண்ணும்போது கை நின்றுவிட்டது. எண்கள் எல்லாம் என் எக்செல்லில் ஏற்கெனவே இருந்தவைதான், ஆனால் இன்னொருவருக்கு வாக்கியமாக எழுதியபோதுதான் ரன்வே, அதாவது கையிலிருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பது, என்னவென்று எனக்கே உறைத்தது. மறுநாளே இரண்டு செலவை நிறுத்தினேன்.

அடுத்தது, விற்பனை என்ற சொல்லை அப்படியே விடாதே. மார்ச்சில் டீலருக்கு 20 லட்சத்துக்குப் பில் போடுகிறேன். அவர் பணம் தர 90 நாள். ஆனால் அந்தப் பில்லுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை, நான் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, ஏப்ரல் 20-க்குள் கட்டியாக வேண்டும். அதாவது விற்பனை ஏறுகிற மாதத்தில் என் கையிருப்பு இறங்கும். பில் போட்டது, பணம் வந்தது, வரவேண்டியது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதினால்தான் வெளியில் இருப்பவருக்கு இது புரியும். அதேபோல அனுப்பிய பெட்டி, பொருத்திய பெட்டி, தினமும் சிக்னல் வருகிற பெட்டி என்று மூன்று எண். மூன்றாவதுதான் எப்போதும் சின்னது, அதுதான் உண்மை. உனக்கென்றால் கையெழுத்துப் போட்ட கிளினிக், சந்தா கட்டுகிற கிளினிக், தினமும் திறந்து பார்க்கிற கிளினிக். ஒரு மாதம் ஓர் எண்ணும் அடுத்த மாதம் நன்றாகத் தெரிகிற வேறோர் எண்ணும் காட்டாதே. கணக்கிடும் முறையை மாற்றினால் மாற்றினேன் என்று எழுதிவிடு.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களை நான் படித்ததற்குக் காரணம், பெர்க்‌ஷயர் ஹாத்தவே என்கிற அவர் கம்பெனி முதலில் ஒரு துணி ஆலை என்பதுதான். மில் ஊரில் பிறந்தவனுக்கு அது போதுமே. 1965-இல் அவர் கைக்கு வந்த ஆலையை 1985-இல் மூடினார். ஏன் மூடினேன் என்று அந்த வருடக் கடிதத்தில் பக்கம் பக்கமாகக் கணக்கோடு சொல்கிறார். 1989 கடிதத்தில், முதல் 25 வருடத்துத் தவறுகள் என்று பட்டியல் போட்டு, அந்த ஆலையை வாங்கியதையே முதல் தவறாக வைக்கிறார். கணக்கியல் நிபுணர்கள் அல்லாத, ஆனால் புத்திசாலிகளான தன் சகோதரிகளுக்கு எழுதுவதுபோல நினைத்து எழுதுவாராம். நான் எழுத உட்காரும்போது, பெட்டியைத் திறந்து பார்த்த அந்த மில்காரரை எதிரே வைத்துக்கொள்கிறேன்.

உதவி கேட்பதைக் குறிப்பாகக் கேள். "அறிமுகங்கள் கிடைத்தால் நல்லது" என்று எழுதி எனக்கு ஒருமுறைகூடப் பதில் வந்ததில்லை. "ஈரோடு பக்கம் சொட்டுநீர் சாமான் விற்கிற இரண்டு டீலர்கள் வேண்டும், 60 நாளில் பணம் தருகிறவர்களாக" என்று எழுதிய அன்று சாயங்காலமே இரண்டு நம்பர் வந்தது. ஒன்று மட்டும் ஜாக்கிரதை: மெயில் யாருக்கு வேண்டுமானாலும் ஃபார்வர்ட் ஆகும். கஸ்டமருக்குத் தந்த விலை, ஊழியரின் சொந்த விஷயம், முடிவாகாத பேச்சுவார்த்தை எதுவும் அதில் வேண்டாம்.

உனக்காக ஓர் ஆரம்பம் எழுதிப் பார்த்தேன். நீ சொன்ன எண்கள்தான். "கடந்த மூன்று மாதம் நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். எங்கள் பெரிய வாடிக்கையாளர் விலகிவிட்டார். மாதச் சந்தா வருமானம் 6.2 லட்சத்திலிருந்து 4.1 லட்சமாகிவிட்டது." இதற்குக் கீழே அவர்கள் ஏன் போனார்கள் என்று உனக்குத் தெரிந்ததை எழுது. ரிப்போர்ட் வரத் தாமதமாகிறது என்று அவர்கள் போன வருடமே சொன்னதாக என்னிடம் சொன்னாயே, அதையும் எழுது. அது கஷ்டம், தெரியும். ஆனால் உன் முதலீட்டாளர்களில் ஒருவர் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலேயே இருந்தவர். அவருக்கு அந்த ஒரு வரி போதும், எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

புதன்கிழமைக்குள் எழுதி, அனுப்பும் முன் எனக்கு ஒரு காப்பி போடு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், எவ்வளவு நேரமானாலும் சேர்ந்து பார்க்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் மாப்ள