புத்தகத்தை இங்கேயே விட்டுவிட்டாய்

கோவில்பட்டி,
24-2-2026

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நாலு கேள்வி கேட்டால் 'ம்', 'சரிப்பா', 'வைக்கட்டுமா' என்கிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, அதோடு சரி. நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சாயங்கால பேட்ச் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஜன்னல் ஓரத்து ரெமிங்டனில் புது ரிப்பன் மாட்டி அதில்தான் அடிக்கிறேன். பிழை இருந்தால் சேர்த்துப் படித்துக்கொள்.

ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. அக்காவும் அத்தானும் பங்குனித் தேருக்கு வருகிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு வந்தபோது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புத்தகத்தை இங்கேயே விட்டுவிட்டாய். பீரோவுக்குள் உன் பழைய ஸ்கூல் பைக்கு அடியில் இருந்தது. போன செமஸ்டர் பாடம், முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று வைத்துவிட்டுப் போயிருப்பாய். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றும் சொன்னாய். எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் போன வாரமே வந்துவிட்டது என்று லட்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளும் உங்கள் யுனிவர்சிட்டிதான். காலேஜுக்குக் காலேஜ் முன்பின் ஆகுமாக இருக்கும். அம்மா கேட்டாள், அப்படித்தான் சொல்லிவைத்தேன்.

சாப்பாட்டை விடாதே. மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் வெளியே இரண்டு இட்லியாவது சாப்பிடு. தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் உன் கணக்கில் விழுகிறதா என்று பார்த்துக்கொள். அது உன் பணம், அதிலிருந்து வீட்டுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். காலையில் ஆறு மணி பேட்ச் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கும்போது மேஜையில் விரித்து வைத்துக்கொள்வேன். ஸ்டாக் எனக்குப் புரிந்தது. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். நம் மேஜையில் பேப்பர் அடுக்கி வைக்கிற மாதிரி. க்யூ என்றால் ரேஷன் கடை வரிசை, முன்னால் வந்தவன் முன்னால் போவான். லிங்க்டு லிஸ்ட் பாடத்தை மூன்று நாள் படித்தேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தகவல், கூடவே அடுத்த பெட்டி எங்கே இருக்கிறது என்கிற முகவரி. நடுவில் ஒரு பெட்டியின் முகவரி தப்பிப்போனால் அதற்குப் பின்னால் இருக்கிற எதையும் எட்ட முடியாது. பின்னால் எல்லாம் இருக்கத்தான் செய்யும், போக வழிதான் இருக்காது. பாயிண்டர் என்பது அந்த முகவரிதான் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் அழித்துவிடு.

நீயும் பேப்பரில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து பார். ப்ரோகிராமைக் கம்ப்யூட்டரில் அடிப்பதற்கு முன்னால் கையால் எழுதிப் பார். இதைப் போன வருடமும் சொன்னேன். தேர்வில் கையால்தானே எழுத வேண்டியிருக்கிறது? லேபில் ஓடுகிற ப்ரோகிராம் பேப்பரில் வராது. லேபில் மெஷின் தப்பைக் காட்டிக்கொடுக்கும், பரீட்சை ஹாலில் காட்டாது. கையால் எழுதிப் பார், தம்பி.

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. உள்ளே இருபத்து மூன்று வாங்கியிருந்தாலும் வெளியே முப்பது வராவிட்டால் அந்தப் பேப்பர் நிற்கும். உன் முதல் வருட மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கெல்லாம் தெரிந்துகொண்டேன். ஒரு பேப்பர் நின்றால் அடுத்த முறை எழுதலாம். நம் இன்ஸ்டிடியூட்டில் பிப்ரவரி டைப்பிங் தேர்வில் போனவர்கள் ஆகஸ்டில் எழுதுவதில்லையா? இங்கிலீஷ் ஹையர் மூன்று தடவை போய், நாலாவது தடவை பாஸ் செய்து, தமிழ் ஹையரும் முடித்து, குரூப் 4 எழுதி, இன்றைக்குத் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக உட்கார்ந்திருக்கிற அந்த அண்ணனை உனக்கே தெரியும். மூன்று தடவை போனதை யாரும் இப்போது ஞாபகம் வைத்திருக்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

நீ முதல் வருடம் எழுதிக் கொடுத்த ஸ்பீடு பார்க்கிற ப்ரோகிராமைத்தான் இன்னும் கம்ப்யூட்டர் பேட்ச் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்கிறேன். ஐந்து எழுத்தை ஒரு சொல்லாகக் கணக்கு வைத்து, நிமிடத்துக்கு எத்தனை என்று அதுவே சொல்லிவிடுகிறது. முன்பெல்லாம் முப்பது தாளை நான் ராத்திரி உட்கார்ந்து எண்ணுவேன். போன வாரம் ஒரு பிள்ளை, 'சார், இது எந்தக் கம்பெனி சாஃப்ட்வேர்' என்று கேட்டது. 'என் மகன் எழுதியது' என்றேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. இதை எழுதத் தெரிந்தவனுக்கு எது வராது? வரும். உட்கார வேண்டும், அவ்வளவுதான். பொங்கலுக்கு வந்த நாலு நாளும் ராத்திரி ஒரு மணி வரை போனும் கையுமாக இருந்தாய். சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அம்மா எனக்குத்தான் கண் காட்டினாள். அதனால் விட்டேன்.

பி.சி.ஏ. என்றால் லேசு என்று ஊரில் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், ஜாவா என்று இன்ஜினியரிங் பிள்ளைகள் நாலு வருடத்தில் படிக்கிற பாதியை நீங்கள் மூன்று வருடத்தில் படிக்கிறீர்கள். நான் டிகிரியை மட்டும் சொல்லவில்லை. ஆறாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் வரும். அதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு உங்கள் வாத்தியார்களுக்கே தெரியாது. இருபது வருடமாக ஜாப் டைப்பிங் மேஜையில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்து பைண்டிங் போட்டுக் கொடுத்தவன் நான். லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், பேரோல் சிஸ்டம், ஹாஸ்டல் மேனேஜ்மென்ட் சிஸ்டம். முன்பு விஷுவல் பேசிக்கும் ஆக்சஸும், அப்புறம் பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும். ஆண்டு மாறும், அட்டையில் பெயர் மாறும், உள்ளே இருப்பது அதேதான். காசு கொடுத்து வாங்கி வருகிற பிள்ளைகளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் விட்டுப்போனால் எது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. நீ சின்னதாகச் செய், நீயே செய். நம் இன்ஸ்டிடியூட்டுக்கு ஃபீஸ் கணக்கும் அட்டெண்டன்ஸும் பார்க்க ஒன்று செய்தால்கூடப் போதும். நான் எல்லா ரிஜிஸ்டரும் எடுத்துத் தருகிறேன்.

முடித்த பிறகு வழி இருக்கிறது. விப்ரோவில் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிறார்கள். எம்.சி.ஏ. முன்பு மூன்று வருடம், 2020-லிருந்து இரண்டே வருடம். டான்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அது அடுத்த வருடக் கவலை. இந்த வருடக் கவலையை இந்த வருடம் முடித்துவிட்டால் போதும். எல்லாப் பேப்பரும் முடித்திருக்க வேண்டும், அதைத்தான் சொல்ல வருகிறேன். கையால் எழுதிப் பார்.

அடித்ததைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உனக்குப் புத்தி சொல்வதாகவே இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் உட்கார்ந்தேன், அது மட்டும் இன்னும் வரவில்லை.

2024-இல் உனக்குக் கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ். எய்டட் ஸ்கூல் என்பதால் ஏழரை சதவீத ஒதுக்கீடு இல்லை. அக்கா டிகிரி முடித்துவிட்டதால் முதல் பட்டதாரி சலுகையும் இல்லை. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் என்று நீதான் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாய். கல்விக் கடன் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு திங்கட்கிழமை பையை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானம் திரும்பி வந்து, 'கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள்' என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். மறுநாள் நீயே பி.சி.ஏ. அப்ளிகேஷன் போட்டாய்.

நான் பேங்க்கில் கேட்கவே இல்லை, தம்பி.

வாசல் வரை போனேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் லோன் சீட்டில் இருந்தது நம்மிடம் லோயரும் ஹையரும் படித்த பிள்ளை. 2009 பேட்ச். எங்கே பார்த்தாலும் 'சார்' என்று எழுந்து நிற்கிற பிள்ளை. அந்த மேஜைக்கு முன்னால் போய்ப் பணம் கேட்டு நிற்க எனக்குக் கால் வரவில்லை. வருமானம் எவ்வளவு என்று கேட்கும், இன்ஸ்டிடியூட்டில் இப்போது எத்தனை பிள்ளைகள் என்று கேட்கும். பதினாலு மெஷின் ஓடிய இடத்தில் ஆறு ஓடுகிறது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். திரும்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, இரண்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன்னிடமும் அம்மாவிடமும் ஒரே பொய்யைச் சொன்னேன். அம்மாவுக்கு நேற்றுதான் உண்மையைச் சொன்னேன். அவள் ராத்திரி சாப்பிடவில்லை.

அப்புறம்தான் எல்லாம் விசாரித்தேன். நாலு லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை, பெற்றவன் கையெழுத்துப் போட்டால் போதுமாம். வித்யாலட்சுமி என்று ஒரு தளம் இருக்கிறது, அதில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாமாம். யார் முகத்தையும் பார்க்காமலே அப்ளிகேஷன் போட்டிருக்கலாம். இது தெரிந்த அன்றைக்கு உனக்கு முதல் செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது.

சொந்தக்காரர்கள் கேட்டால், 'கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிறான்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவர்கள் இன்ஜினியரிங் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நீ பக்கத்தில் நிற்கும்போதே அப்படிச் சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு பந்திக்குப் போய்விட்டாய். உன் படிப்பை நானே மறைத்தேன். சொல்ல முடியாததை மறைத்து வைக்கலாம் என்று இந்த வீட்டில் உனக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். அதனால் உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பொங்கலுக்கு நீ ரயில் ஏறும்போது ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாயே, அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். 'தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா' என்று கேட்டேன்.

எம்.சி.ஏ. படிக்க நினைத்தால் இந்தத் தடவை உள்ளே போவேன். அந்தப் பிள்ளை அதே சீட்டில்தான் இருக்கிறது. போன வாரம் கேட்டுக்கொண்டேன்.

உன் கணக்கில் இரண்டாயிரம் போட்டிருக்கிறேன். ஏப்ரல் தேர்வுக்கு ஃபீஸ் கட்டுகிற நேரம் வந்திருக்கும். கடைசித் தேதி தாண்டினால் அபராதம் போடுவார்கள். எத்தனை பேப்பருக்குக் கட்ட வேண்டுமோ அத்தனைக்கும் கட்டு. ரசீது எனக்கு அனுப்ப வேண்டாம். எதெதற்குக் கட்டினாய் என்றும் கேட்க மாட்டேன். உனக்குச் சொல்லத் தோன்றுகிற அன்றைக்குச் சொன்னால் போதும், ராத்திரி எத்தனை மணியானாலும் போன் போடு. நான் தூங்குவது பன்னிரண்டுக்கு மேல்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் மாமா கோயம்புத்தூர் வருகிறார். கடலைமிட்டாய் இரண்டு கிலோ, பருப்புப்பொடி, அம்மா துவைத்து மடித்து வைத்த போர்வை, அந்தப் புத்தகம், எல்லாம் ஒரே பையில் இருக்கிறது. காலையில் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிக்கொள். அவருக்கு மூட்டை தூக்க முடியாது, நீயே ப்ளாட்பாரத்துக்குள் போய்விடு. புத்தகத்தில் ட்ரீ பாடம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு டைப்பிங் தாளை மடித்து வைத்திருக்கிறேன். அது வரைக்கும் படித்துவிட்டேன். அதற்கு மேல் எனக்குப் புரியவில்லை, சித்திரைக்கு வரும்போது சொல்லிக்கொடு.

பேட்ச் வந்துவிட்டது. முதல் பாடம் யளனக அடிக்கிற சத்தம் கேட்கிறது.

அன்புடன்,
அப்பா