நீட்டி விட்ட கல்லு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படங்களை நேத்து இரவு போனில பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கொண்டு இருந்தன், நித்திரை வரேல்லையோ எண்டு அம்மா ரெண்டு தரம் கேட்டிட்டா. கடைசி வருசப் புறொஜெக்டுக்கு வெக்கை நாட்டுக்கு ஏத்த மாதிரி, குறைஞ்ச காசில, பக்டரியில துண்டு துண்டாச் செஞ்சு கொண்டு வந்து பூட்டுற வீடு செய்யப்போறாய் எண்டு சொன்னோடன எனக்குச் சரியான சந்தோசம் பிள்ளை. முப்பது வருசம் சாந்தகப்பை பிடிச்சவன் நான், எத்தினை பேருக்கு வீடு கட்டிக் குடுத்திருப்பன், அதால நீ கேக்காட்டிலும் கொஞ்சம் சொல்லவேணும் போல கிடக்கு.

நீ படம் அனுப்பின, வீடு வடிவமைச்ச அந்த பிரெஞ்சுக்காரர் ஜோன் புரூவேன்ர வீடு எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. 1949ல ஆபிரிக்காவுக்கு எண்டு செஞ்சது, எந்தத் துண்டும் 4 மீற்றருக்கு மேல நீளமில்லை, 100 கிலோவுக்கு மேல பாரமில்லை, ரெண்டு பேர் தூக்கிப் பூட்டலாம், பிரான்சில செஞ்சு விமானத்தில ஏத்தி நைஜர் நாட்டு நியாமேயில இறக்கினவை எண்டு நீ எழுதினதை வாசிச்சன். ரெட்டைக் கூரை போட்டு நடுவால காத்து ஓட விட்டிருக்கிறார், சுத்திவர விறாந்தை, வெயில் தடுக்கிற தட்டுகள், எல்லாம் வெக்கை தெரிஞ்ச ஆள் செஞ்ச வேலை. ஆனா மூண்டே மூண்டு வீட்டோட நிண்டு போச்சுது தானே, நியாமேயில ஒண்டும் 1951ல கொங்கோ நாட்டுப் பிரசாவில்ல ரெண்டும். அங்கயே கட்டுற வீட்டை விட விலை குறையேல்லையாம். 2007ல அதில ஒண்டை நியூயோர்க்கில கிட்டத்தட்ட 50 லட்சம் டொலருக்கு ஏலத்தில வித்தவை எண்டதை வாசிக்க எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. குறைஞ்ச காசில ஆக்கள் இருக்கட்டும் எண்டு செஞ்ச வீடல்லே அது.

உனக்கு சண்டை முடிஞ்சு முகாமில இருந்த தறப்பாள் கொட்டில் நினைவிருக்கும். 2009ல உனக்கு 12 வயசு. பத்து மணிக்குப் பிறகு உள்ளுக்கை இருக்க ஏலாது, நீ புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு அந்த ஒத்தைப் பாலை மரத்து நிழல் போற பக்கமெல்லாம் நகந்து நகந்து இருந்து படிச்சனீ. பிறகு பரந்தனுக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டில், அது இன்னும் மோசம், மழை பெய்தால் பக்கத்தில இருக்கிற ஆள் கதைக்கிறது கேக்காது, ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் முதல் வருசமே கறள் பிடிச்சு ஒழுகத் தொடங்கீற்று. நீ தகடு எடுக்கப்போறாய் எண்டால் இதை மறக்காத பிள்ளை, தகடு பழுதாகிறது நடுவில இல்லை, வெட்டின கரையிலயும் துளை போட்ட இடத்திலயும் தான், கடல் பக்கம் எண்டால் இன்னும் கெதியா.

பிறகு இந்தியன் வீட்டுத்திட்டம் வந்தது. வடக்கு கிழக்கு மலையகம் எல்லாத்துக்கும் சேத்து 50,000 வீடு, எங்கட பக்கம் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா, அதுவும் கட்டக் கட்டப் பகுதி பகுதியா எங்கட பாங்க் கணக்குக்கே வந்தது. காசு காணாது தான், நகையும் அடைவு வச்சம், ஆனா நாங்களே கல்லரிஞ்சு, நாங்களே அத்திவாரம் வெட்டி, குசினி எந்தப் பக்கம் வரவேணும், தென்மேற்கால வாற சோளகக்காத்து எந்த யன்னலால வந்து எதால போகவேணும் எண்டு நாங்களே யோசிச்சுக் கட்டினம். அப்ப நான் ஒரு வேலை செஞ்சனான், உனக்குத் தெரியாமல் இருக்கும். பின்சுவரின்ர ரெண்டு மூலையிலயும் ஒண்டு விட்டு ஒண்டு கல்லை அரைக்கல் நீளத்துக்கு வெளிய நீட்டி விட்டனான். பூசாமல் கிடக்கு, வடிவில்லை எண்டு அம்மா ஏசினவ. பிறகு அம்மம்மாவுக்கு வீட்டோட சேத்து ஒரு அறை இறக்கேக்க புதுச்சுவர் அந்தக் கல்லுக்குள்ள போய் அப்பிடியே பிடிச்சுக்கொண்டுது, இண்டைக்கு வரைக்கும் ஒரு வெடிப்பு இல்லை.

அந்த நேரத்தில தான், 2016 அளவில, இஞ்ச வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு வரப்போகுது எண்டு ஒரே கதை, ஒரு வெளிநாட்டுக் கம்பனி செஞ்சு குடுக்கும், முதல்ல ஒரு வீட்டுக்கு 21 லட்சம் எண்டு சொன்னவை. உரும்பிராயில மாதிரி வீடு கட்டி வச்சிருந்தவை, நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போய்ப் பாத்தம். பாக்க நல்ல நேர்த்தி. அம்மா உள்ளுக்கை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு, விறகு அடுப்பு எங்க வைக்கிறது, புகை எதால போறது எண்டு தான் கேட்டா. நான் சுவரைத் தட்டிப் பாத்திட்டு, பிள்ளையின்ர கலியாணத்துக்கு ஒரு அறை இறக்கிறதெண்டால் இதில எங்க கை வைக்கிறது எண்டு யோசிச்சன். இது எங்கட ரெண்டு பேரின்ர யோசனை மட்டுமில்லை, மொறட்டுவப் பல்கலைக்கழகத்து பொறியியல் பேராசிரியர்மாரும் இதை விடக் குறைஞ்ச காசுக்கு கல்வீடு கட்டலாம் எண்டு கணக்குப் போட்டுச் சொன்னவை. கடைசியில அந்தத் திட்டம் அப்பிடியே நடக்கேல்ல.

இதால நான் கல்வீடு தான் நல்லது எண்டு சொல்லுறன் எண்டு நினைக்காத. பகல் முழுக்க வெயில் குடிச்ச சீமெந்துக் கல்லு இரவு பத்து மணிக்கும் சுடும், அது எனக்குத் தெரியும், நானே வெளித் திண்ணையில தான் படுக்கிறன். பாரமில்லாத வீடு இருட்டினோடன கெதியா ஆறும், எங்கட பழைய கிடுகு வீடு அப்பிடித்தான். யோசிச்சுப் பார், கிடுகும் நீ சொல்லுற சாமான் தானே பிள்ளை! எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, கீழ இருந்து பின்னி அடுக்கி வச்சுப்போட்டு மேல கொண்டுபோய்க் கட்டுறம், ஒண்டு உக்கினால் அந்த ஒண்டை மட்டும் உருவிப்போட்டுப் புதுசு செருகலாம், அதுக்கு கொழும்பில இருந்து ஆள் வரத் தேவையில்லை. நெருப்பும் கறையானும் தான் அதின்ர குறை.

அதால நீ கீறேக்க முதல்ல கூரையைக் கீறு, நல்லா வெளிய தள்ளி இறக்கு, ரெட்டையாப் போடு, முகட்டில சூடு போக வழி விடு. நாலு பக்கமும் ஒரே மாதிரி யன்னல் வச்சால் சரியில்லை, மாரியில வாடைக்காத்து சாரலை உள்ளுக்கை அடிக்கும். போல்ட்டும் நட்டும் கிளிநொச்சி ஹாட்வெயார் கடையில வாங்கக்கூடிய அளவா இருக்கவேணும். குசினியைக் கொஞ்சம் விலத்தி வை. கடைசித் துண்டைப் பூட்டி முடிச்ச பிறகும் ஒரு பக்கமாவது திறந்து கிடக்கவேணும், பத்து வருசத்தால இன்னொரு அறை வந்து பிடிக்கிறதுக்கு, நான் கல்லு நீட்டி விட்ட மாதிரி.

ஆடியில வாறன் எண்டனீ. அந்த மொடலில மற்றதுகளை விட்டிட்டு, ரெண்டு சுவர் சந்திக்கிற மூலையை மட்டும் பெரிசாச் செஞ்சு கொண்டு வா, பெட்டிக்குள்ள அடங்கும் தானே. சோளகம் நல்லா வீசுற நேரம், கிணத்தடியில வச்சு ஸ்பனரால ஒருக்காக் கழட்டிப் பூட்டிப் பாப்பம். மேற்குப் பக்கத்து மூலையில நீட்டி விட்ட கல்லு இன்னும் அப்பிடியே கிடக்கு, அதையும் காட்டுறன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா