சாக்கை நனைத்துக் கல்லைக் காட்டிய அண்ணனுக்கு

கிருஷ்ணகிரி மக்களுக்கு வணக்கம்.

இப்போது புளி குடோனாக இருக்கும் பழைய கிறிஸ்தவ மிஷன் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நாம் கொடுத்த மனு ஏற்கப்பட்டது. கட்டடம் நிற்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக நன்றிக்கு வருகிறோம்.

முதல் நன்றி அந்தக் குடோனுக்கு வெள்ளையடிக்க வந்த அண்ணனுக்கு. வாசலுக்கு மேலே புடைத்திருந்த இடத்தைத் தட்டிப் பார்த்தவர், "உள்ள கல்லு இருக்குதுங்க, கம்பி பிரஷ்ஷு போடாதீங்க" என்று தடுத்தார். அது சலவைக்கல். கம்பி பிரஷ் அதைக் கீறிவிடும். ஆசிட் ஊற்றினால் சுண்ணாம்போடு கல்லும் பொங்கிக் கரையும், எழுத்தின் விளிம்பு மழுங்கிப் போகும். அவர் கோணிச் சாக்கை நனைத்து அரை மணி நேரம் கல்லோடு ஒட்டி வைத்தார். ஊறிய சுண்ணாம்பை மூங்கில் சிம்பால் ஓரத்திலிருந்து நெம்பி ஏடு ஏடாக எடுத்தார். எழுத்துப் பள்ளத்துக்குள் சிம்பு போகவே இல்லை. அங்கே பழைய பல் பிரஷ்ஷும் தண்ணீரும் மட்டும்தான். இப்படி நாலு தடவை. அன்றைய வேலை அப்படியே நின்றது, அதற்கென்று நீட்டிய பணத்தையும் அவர் தொடவில்லை.

இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்ததும் எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் நிழல் விழாது, ஒன்றும் தெரியாது. 'வெஸ்லியன்' என்ற சொல் அப்போதுதான் கிடைத்தது.

தேட வேண்டிய இடத்தை அந்த ஒரு சொல் மாற்றியது. பழைய சேலம் ஜில்லாவில் மிஷன் கட்டடம் என்றாலே 'லண்டன் மிஷன்' என்ற வேறொரு சங்கத்துடையது என்பார்கள். மெதடிஸ்ட் என்றால் அமெரிக்க மெதடிஸ்ட் சபை ஏடுகளைப் புரட்டுவார்கள். வெஸ்லியன் என்பதும் மெதடிஸ்ட் சபைதான், ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது அதுதான், அமெரிக்க மெதடிஸ்டுகள் அதில் சேரவில்லை. அதன் மிஷன் காகிதங்கள் இருப்பது லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்லூரியின் நூலகத்தில்.

ஆனால் கல் மட்டும் போதாது. வேறு கட்டடத்திலிருந்து பெயர்த்து வந்த கல்லாக இருக்கலாம். அடிக்கல் ஆண்டு திறப்பு ஆண்டும் அல்ல. பத்திரம் அதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய சர்வே எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்திக் கொடுத்த தாலுகா ஆபீஸ் ஊழியருக்கும், கணினியில் ஏறாத காலத்து வில்லங்கத்தைக் கையால் புரட்டிப் பார்த்த பதிவு அலுவலக எழுத்தருக்கும், மூட்டைகளை நகர்த்தி இடம் விட்ட குடோன்காரருக்கும் நன்றி. தேடுகிறவர்களுக்கு ஒன்று: 1965 அக்டோபருக்கு முந்திய பத்திரத்தில் சேலம் ஜில்லா என்றும், 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டம் என்றும்தான் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் எதுவும் அகப்படாது.

இந்தச் சுவரில் இனி சிமெண்ட் பூச விடமாட்டோம். சுண்ணாம்புக் காரைச் சுவரைச் சிமெண்ட் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் பொரிந்து கொட்டும். சுண்ணாம்புதான் அடிப்போம், அடிக்கும் நாளில் கல்லின் மேல் சாக்கு கட்டி மறைப்போம். அண்ணா, அதற்கும் நீங்கள்தான் வர வேண்டும்.