கார்டீலியா கிரே மீதான தீர்ப்பை மாற்றுங்கள்: வாசகர் வட்ட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் மிக்க நண்பர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியை பி.டி. ஜேம்ஸ் எழுதிய 'ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ வுமன்' (பெண்ணுக்கு ஏற்றதல்லாத வேலை) நாவலைப் பற்றி நீங்கள் சொன்ன கருத்துகளின் தொகுப்பை வரிவிடாமல் படித்தேன். 'இது துப்பறியும் நாவலே இல்லை', 'நாயகிக்கு எல்லாம் அதிர்ஷ்டத்தில் நடக்கிறது', 'கேம்பிரிட்ஜ் வர்ணனை ஒரே இழுவை', 'கடைசியில் கொலையை மறைத்துவிட்டு அதிகாரி முன்னால் அழுகிறாள்' என்பவைதான் பெரும்பாலானோர் கருத்து. இதன் நாயகியான தனியார் துப்பறிவாளர் கார்டீலியா கிரே மறுபடி வரும் 1982ஆம் ஆண்டு நாவலைப் படிப்புப் பட்டியலிலிருந்து நீக்கவும் தீர்மானித்திருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கதையின் முடிச்சுகளைத் தொடாமல் இதைப் பேச வழியில்லை. நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

துப்பே துலக்கவில்லை என்கிறீர்களே, அந்தத் தோட்டத்தை எப்படி மறந்தீர்கள்? மார்க் காலெண்டர் கேம்பிரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வீட்டில் தோட்ட வேலைக்குச் சேர்கிறான். அவர்கள் கொடுத்த சின்னக் குடிலில் தங்குகிறான். அங்கேயே தூக்கில் தொங்கிய நிலையில் கிடைக்கிறான். தற்கொலை என்று விசாரணையும் முடிந்துவிட்டது. மகன் ஏன் அப்படிச் செய்தான் என்பதை மட்டும் கண்டுபிடித்துச் சொல் என்று அவன் தந்தை, விஞ்ஞானி சர் ரொனால்ட், கார்டீலியாவை அமர்த்துகிறார். அவள் நேராகப் போய் அந்தக் குடிலிலேயே குடியேறுகிறாள். தோட்டத்தில் அவன் கொத்திக்கொண்டிருந்த வரிசை முடியக் கொஞ்சம்தான் பாக்கி. மண் கொத்தும் கருவி துடைக்கப்படாமல் அப்படியே மண்ணில் குத்தி நிற்கிறது. மற்ற இடமெல்லாம் அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தவன், இந்த ஒரு வரிசையை மட்டும் ஏன் பாதியில் விட்டான்? யாரோ வந்து கூப்பிட்டிருக்கிறார்கள், திரும்பி வந்து முடிக்கலாம் என்றுதான் போயிருக்கிறான். சாகத் துணிந்தவன் செய்கிற காரியமில்லை இது. கொலை என்ற எண்ணம் அவள் மனதில் வேர்விடுவது இங்கேதான்.

இந்தப் பார்வை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நாவல் சொல்லிவிடுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயை இழந்தவள். வளர்ப்புத் தாய்மார்களிடம் கைமாறிக் கைமாறி வளர்ந்தவள். பதினாறு வயதில் தந்தை அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிப்போய், ஊர் ஊராகச் சுற்றும் தன் அரசியல் தோழர்களுக்குச் சமைக்கவும், நோயில் பார்த்துக்கொள்ளவும், சேதி கொண்டுபோகவும் வைக்கிறார். வேலை செய்தே வளர்ந்த கைக்குத்தான் ஒரு வேலை எந்த இடத்தில் நின்றிருக்கிறது, ஏன் நின்றிருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும். ரத்தக்கறையையும் சுருட்டுச் சாம்பலையும் வைத்து ஒருவர் கொலையைக் கண்டுபிடித்தால் அதை மூளை என்கிறோம். முடிக்காத தோட்ட வேலையை வைத்துக் கண்டுபிடித்தால் மட்டும் அதிர்ஷ்டமா?

கேம்பிரிட்ஜ் வர்ணனைக்கு வருகிறேன். ஆற்றங்கரையும் கல்லூரி முற்றங்களும் வெயிலும் பக்கம் பக்கமாக வருவது உண்மைதான். யார் கண்ணால் அவற்றைப் பார்க்கிறோம்? பெயர்க் குழப்பத்தால் தவறுதலாக ஒரு கன்னியர் பள்ளியில் சேர்க்கப்பட்டு, அங்கே ஆறு ஆண்டுகள் நன்றாகப் படித்து, கேம்பிரிட்ஜுக்குப் போகலாம் என்ற நம்பிக்கையோடு இருந்தவள் அவள். தந்தையின் ஒரு கடிதத்தில் அது முடிந்துபோனது. இப்போது இருபத்திரண்டு வயதில், தன் வயதுப் பிள்ளைகள் படிக்கிற ஊருக்குக் கூலி வாங்கிக்கொண்டு விசாரிக்க வருகிறாள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1948இல்தான். சர்ச்சில், கிளேர், கிங்ஸ் என்ற மூன்று ஆண்கள் கல்லூரிகள் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1972இல். நாவல் வெளிவந்ததும் அதே ஆண்டு. ஜேம்ஸும் கேம்பிரிட்ஜில் பள்ளியில் படித்து, பதினாறு வயதில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர். இவ்வளவும் தெரிந்தபின் அந்தப் பக்கங்களை எனக்கு இழுவையாகப் படிக்க முடியவில்லை. அவளைச் சுற்றியிருக்கும் மாணவர்கள் ஆற்றில் படகு விடுவதையும் விருந்து வைப்பதையும் அவள் எவ்வளவு ஆசையோடு பார்க்கிறாள்! அந்த ஆசையே அவளை ஏமாற்றவும் பார்க்கிறது. அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே, இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று அவள் விழித்துக்கொள்ளும் இடம் நாவலின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று.

கிணற்றுக் காட்சியை ஒருவர் 'சினிமாத்தனம்' என்றிருந்தார். அவளைத் தூக்கிக் கிணற்றில் போட்டு மூடியையும் மூடிவிடுகிறார்கள். முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச் சுவரிலும் ஊன்றி, அங்குலம் அங்குலமாக அவள் ஏறுகிறாள். மேலே மூடியைத் திறக்க முடியவில்லை. இறந்துபோன மார்க்கின் பெல்ட்டை இடுப்பில் கட்டியிருந்தாள். அதைக் கழற்றித் தன்னைக் கம்பியோடு பிணைத்துக்கொண்டு தொங்குகிறாள். மூடியைத் திறந்தவர் வேறு ஒரு பெண் என்பதால் 'காப்பாற்றப்பட்டாள்' என்று எழுதிவிட்டீர்கள். அந்தக் கிணற்றின் உச்சிவரை ஏறி வந்தது யார்?

இனி எல்லோரையும் உறுத்திய அந்த முடிவு. மார்க்கைக் கொன்றது அவன் தந்தையேதான் என்பதைக் கார்டீலியா கண்டுபிடிக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த, சர் ரொனால்டிடம் வேலை பார்க்கும் மிஸ் லீமிங், கார்டீலியாவின் துப்பாக்கியாலேயே சர் ரொனால்டைச் சுட்டுவிடுகிறார். மார்க்கைப் பெற்ற தாய் அவர்தான். கார்டீலியா அதைத் தற்கொலைபோல் மாற்றி அமைக்கிறாள், விசாரணையில் சத்தியம் செய்துவிட்டுப் பொய்யும் சொல்கிறாள். இது சட்டப்படி குற்றம். உள்துறை அமைச்சகத்தில் காவல்துறைப் பிரிவிலும் குற்றவியல் பிரிவிலும் பணிசெய்த ஜேம்ஸுக்கு அது நம் எல்லோரையும்விட நன்றாகவே தெரியும். கார்டீலியா செய்தது சரி என்று வாதாட நான் வரவில்லை. அதைக் கூட்டத்தில் மணிக்கணக்கில் விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். ஆனால் மிரட்டிப் பணம் பறிப்பவன் ஒருவனை ஒரு பெண் சுடுவதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, போலீசுக்கு உதவ மறுத்தவர் ஷெர்லக் ஹோம்ஸ். 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' ரயிலில் உண்மையைக் கண்டுபிடித்தபின், பொய்யான விளக்கமே அதிகாரிகளுக்குப் போகட்டும் என்று வழிவிட்டவர் அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ. அந்த நாவலை நாம் படித்தபோது, 'சட்டத்துக்கு மேலே ஒரு நியாயம் உண்டு' என்று கைதட்டினோமே! அதே காரியத்தை இருபத்திரண்டு வயதுப் பெண் செய்தால் 'உடந்தை', 'தொழில் தெரியாதவள்'. இந்த இரட்டை அளவுகோல்தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது.

அழுகையையும் சொல்லிவிடுகிறேன். காவல்துறை அதிகாரி ஆடம் டால்கிளீஷ் அவளை விசாரிக்கிறார். அவருக்கு முக்கால்வாசி உண்மை தெரியும். அவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவள் வாயிலிருந்து உண்மை வரவில்லை. லீமிங் விபத்தில் இறந்துபோன செய்தி வந்தபிறகுதான் உடைந்து அழுகிறாள். அப்போதும் அவள் பேசுவது பெர்னி பிரைடைப் பற்றித்தான். தன் துப்பறியும் ஏஜென்சியை அவளுக்கு விட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்ட கூட்டாளி அவர். ஒருகாலத்தில் டால்கிளீஷால் காவல்துறையிலிருந்து அனுப்பப்பட்டவர். வேலையைவிட்டு அனுப்பினீர்களே, பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று ஒருநாளாவது விசாரித்தீர்களா என்று அந்தப் பெரிய அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவ்வளவு அழுகையிலும் வழக்கைப் பற்றி ஒரு சொல் தவறவில்லை. அதைப் பலவீனம் என்று குறித்துவைத்திருக்கிறீர்கள்.

பெண் துப்பறிவாளர் நமக்குப் புதியவரல்ல. தமிழ்த் துப்பறியும் நாவல்களில் விவேக்கோடு ரூபலா, பரத்தோடு சுசீலா, நரேந்திரனோடு வைஜயந்தி என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பக்கத்தில் ஓர் ஆண் இல்லாமல், வாடகைக்கும் வழக்குக்கும் தானே பொறுப்பாக நிற்கிறவளைப் படிக்கும்போது நம் கண்கள் பழக்கத்தில் ஓர் ஆணைத் தேடுகின்றன என்று நினைக்கிறேன். பெர்னி இறந்ததும், தெரிந்த மதுக்கடைப் பெண்மணிகூட இது பெண்ணுக்கு ஏற்ற வேலையில்லை என்றுதான் அவளிடம் சொல்கிறாள். நம் தொகுப்பில் அதே வாக்கியத்தை வேறு வேறு சொற்களில் பலர் எழுதியிருக்கிறோம்.

எனவே என் கோரிக்கை இரண்டுதான். 1982ஆம் ஆண்டு நாவலைப் பட்டியலில் மறுபடி சேருங்கள். அதற்கு முன் ஒரு கூட்டத்தை இந்த நாவலின் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஒதுக்குங்கள். 'கார்டீலியா செய்தது சரியா?' என்பதே தலைப்பாக இருக்கட்டும். ஹோம்ஸ் கதையையும் 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' முடிவையும் எல்லோரும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வர வேண்டும். கார்டீலியாவுக்கு எதிராக வாதாட முன்வருகிறவர்கள் முதலில் பேசட்டும், அவள் பக்கம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வட்டத்து உறுப்பினர் ஒருவர்