நீ விருந்தாளியாகப் போகிறாய், மகளே

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகும் மிஷன் பயணக் குழுவில் உன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு மனம் நிறைந்திருக்கிறது. பயமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், நீங்கள் போய்த் தங்கப்போகிற அந்தச் சபையும் கூடவே நினைவுக்கு வருகிறது. உங்களுக்குப் படுக்க இடம் ஒதுக்கி, சமைத்துப் போட்டு, வண்டி ஏற்பாடு செய்து, நீங்கள் பேசுவதை மொழிபெயர்த்து, உங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருக்கப் போகிறவர்கள் அவர்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அதே தெருவில், அதே அக்கம்பக்கத்தாரோடு வாழ வேண்டியவர்கள். உன் ஆயத்தம் ஒவ்வொன்றிலும் அவர்களை முன்னால் வைத்து யோசி. நான் எழுதப்போவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். தடுப்பூசி விஷயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே, வெளிநாட்டுப் பயணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் போ. நீங்கள் போகும் நாட்டில் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்டால், ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகும், அதனால் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வை. டைபாய்டு ஊசியைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். மலேரியா உள்ள இடமென்றால் மாத்திரை தருவார்கள். பலர் ஊர் திரும்பியதும் அதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. மருந்தைப் பொறுத்து, திரும்பி வந்த பிறகும் ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர்ந்து சாப்பிட வேண்டும். வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட, எந்த நாட்டுக்குப் போய் வந்தாய் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி ஊசி போடாமல் போகிற பிள்ளைகளும் உண்டு. கர்த்தர் பார்த்துக்கொள்வார், உண்மைதான். ஆனால் நீ படுத்துவிட்டால் ராத்திரியில் ஆஸ்பத்திரி தேடி ஓடப்போவது அந்தப் போதகரின் மனைவி.

பாஸ்போர்ட் நீ திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், பல நாடுகள் அதைக் கேட்கும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது, அவசரமென்றால் வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ கொண்டுபோய்ச் சிகிச்சை தரும் செலவும் அதில் அடங்குமா என்று படித்துப் பார்.

விசாவில் மட்டும் ஒரு பொய்யும் வேண்டாம். சபை வேலைக்குப் போய்க்கொண்டே விண்ணப்பத்தில் "சுற்றுலா" என்று எழுதச் சொன்னால், அது சரிதானா என்று உங்கள் தலைவரிடம் நேராகக் கேள். மதத்தைப் பற்றிப் பேசுவதற்கே சட்டக் கட்டுப்பாடு உள்ள நாடுகள் உண்டு. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை. அப்படிப்பட்ட இடத்தில் வெளியாள் துணிச்சல் காட்டினால், அவரை நாட்டைவிட்டு அனுப்புவதோடு அவர் கதை முடிந்துவிடும். பிறகு வழக்கைச் சுமப்பது உள்ளூர் விசுவாசிகள். எதைப் பேசலாம், எங்கே பேசலாம் என்று தீர்மானிக்க அவர்களுக்குத்தான் உரிமை. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதைக் கோழைத்தனம் என்று உன் குழுவில் யாராவது சொன்னால் நீ ஒத்துப்போகாதே.

மாணவர்கள் ஊழியத்துக்குப் புறப்படுவது புதிதல்ல என்று உனக்குத் தெரியும். 1806-ல் அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இடிமழைக்கு ஒரு வைக்கோல் போரடியில் ஒதுங்கி ஜெபித்ததிலிருந்து எத்தனையோ வாலிபர்கள் புறப்பட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் பலரும் வாழ்நாள் முழுவதற்கும் என்றே கப்பல் ஏறினார்கள். நீ சில வாரத்துக்குப் போகிறாய். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, ஆனால் சில வாரத்தில் செய்யக்கூடியது என்ன, கூடாதது என்ன என்று தெரிந்து போக வேண்டும். 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் நம்முடைய தமிழ் ஊழியர் வேதநாயகம் அசரியா எழுந்து பேசினார். அவரைப் பிஷப்பாக அபிஷேகம் செய்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். ஏழைகளைப் போஷிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனெரிகள் நிறைந்த அந்தச் சபையில் சொன்னார். கேட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு ஆண்டு தாண்டியும், ஒரு மிஷன் குழுவிடம் கேட்க வேண்டிய காரியம் இதுதான் என்று நான் நம்புகிறேன். சுவர் கட்டவும் வண்ணம் பூசவும் அந்த ஊரிலேயே கைதேர்ந்த ஆட்கள் இருப்பார்கள். உன்னிடம் நட்பு இருக்கிறதா என்று பார்.

நட்புக்கு மொழி வேண்டும். புறப்படுவதற்குள் அவர்கள் பாஷையில் வணக்கம் சொல்லவும், நன்றி சொல்லவும், பெயர் கேட்கவும், மன்னிப்புக் கேட்கவும், எண்ணவும் கற்றுக்கொள். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். சிறுபிள்ளைகள் திருத்த, படித்த மனிதர் ஒருவர் தப்பும் தவறுமாகப் பேசிப் பழகியது எனக்கு அவர் செய்த பிரசங்கங்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

கர்த்தர் உன் வாழ்க்கையில் செய்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொல்வார்கள். மூன்று நிமிடத்துக்குள் எழுதி வைத்துக்கொள், வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றால் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்து. அவர் முடித்த பிறகு அடுத்தது. ஜனங்களைப் பார்த்துப் பேசு. பழமொழி, சிலேடை, நம் சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் எல்லாம் வேண்டாம், அவை அந்தப் பக்கம் போய்ச் சேராது. நம்மிலிருக்கும் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிற யாவருக்கும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதும்போதே சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்கிறார். அங்குள்ளவர்களின் தெய்வங்களையோ வழிபாட்டையோ பழித்து உன் வாயிலிருந்து ஒரு சொல் வரக்கூடாது. இன்னொன்றும் உண்டு. கூட்டத்தில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னால் சிறுபிள்ளைகள் வந்தவர்களைச் சந்தோஷப்படுத்தக் கை தூக்குவார்கள். அதை எண்ணி இத்தனை ஆத்துமா என்று ஊருக்கு எழுத வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. உன் மனசு எனக்குத் தெரியும். பார்த்ததும் தூக்கி வைத்துக்கொள்வாய். அநாதை இல்லம் ஒன்றுக்குப் போவது உங்கள் திட்டத்தில் இருந்தால், அதை விட்டுவிட முடியுமா என்று தலைவரிடம் கேட்டுப் பார். பாசத்துக்கு ஏங்கும் பிள்ளை ஒரு வாரம் உன்னோடு ஒட்டிக்கொள்ளும், நீ போய்விடுவாய், அடுத்த குழு வரும், அதுவும் போய்விடும். இப்படித் திரும்பத் திரும்பப் பிரிவது அந்தப் பிள்ளைகளைக் காயப்படுத்துகிறது. அங்கிருக்கும் பிள்ளைகளில் அநேகருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. பார்வையாளரும் காணிக்கையும் வருவதற்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் இடங்களும் உலகத்தில் உண்டு. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே பிள்ளைகளின் உரிமை பற்றிய தீர்மானத்தில், அநாதை இல்லங்களில் தன்னார்வலர் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டிருக்கிறது. குடும்பங்களோடு வாழும் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஆசிரியர்கள் பக்கத்தில் இருக்க, உதவியாளாக நின்று பாட்டும் கதையும் சொல்லிக்கொடு. அது போதும், அது நல்லது. எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இராதே. பெற்றவரைக் கேட்காமல் போட்டோ எடுக்காதே. அழுக்குச் சட்டையோடு நிற்கும் பிள்ளையின் படம் உன் இணையப் பக்கத்தில் வரக்கூடாது. உன் சிறுவயதுப் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் இரக்கம் தேடிப் பரப்பியிருந்தால் நான் எப்படிக் கொதித்திருப்பேன்!

பணம் கேட்டு யாராவது தனியாக உன்னிடம் வருவார்கள். படிப்புக்கு, வைத்தியத்துக்கு, உண்மையான தேவையாகவே இருக்கும். நீ கையில் கொடுத்துவிட்டால் கொடுக்கப்படாதவர் மனதில் கசப்பு வரும், போதகருக்கும் தர்மசங்கடம். கேட்டதைத் தலைவரிடம் சொல், சபை வழியாகப் போகட்டும். "மறுபடியும் வருவேன்" என்று ஒருவருக்கும் வாக்குக் கொடுக்காதே. அப்புறம், உனக்காகக் காணிக்கை கொடுத்தவர்களில் விதவைகளும் இருக்கிறார்கள். ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு எழுதி வை, வந்ததும் சபையில் ஒப்புவி.

சீஷரில் எழுபது பேரை இருவர் இருவராக அனுப்பியபோது ஆண்டவர் கொடுத்த கட்டளை லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. கையில் பை வேண்டாம், ஒரே வீட்டில் தங்குங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள். அனுப்பப்பட்டவர்கள் மற்றவர் கையை எதிர்பார்த்து நிற்கும்படியே அவர் அனுப்பினார். குழுவாக உட்கார்ந்து அதை வாசியுங்கள்.

ஒரு தாயாக இதையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தனியாக எங்கும் போகாதே. யாராவது, அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், உன்னைத் தொடும் விதமோ பேசும் விதமோ உனக்குச் சரியாகப் படவில்லை என்றால் அந்த நிமிடமே அங்கிருந்து எழுந்து வா, குழுவில் இருப்பவர்களிடம் சொல், எனக்குப் போன் பண்ணு. ஊழியத்தின் பேர் கெட்டுவிடும், பேசாமல் இரு என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் கீழ்ப்படிய உனக்குக் கடமை கிடையாது. எந்த நேரமானாலும் நான் போனை எடுப்பேன். பயணத்தை நடுவில் விட்டுவிட்டு வந்தாலும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டோம்.

குழுவுக்குள் சண்டை வரும். களைப்பும் பசியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் பரிசுத்தவான்களும் எரிந்து விழுவார்கள். அன்றன்றைக்கே பேசித் தீர்த்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் கொஞ்ச நாள் நம் வீடும் நம் சபையும் உனக்கு எரிச்சலாக இருக்கலாம், எல்லாமே வீண் ஆடம்பரம் என்று தோன்றலாம். அப்போது என்னிடம் பேசு. நான் குறுக்கே பேசாமல் கேட்பேன். அங்கே பழகியவர்களுக்குக் கடிதம் எழுதுவதை முதல் மாதத்தோடு நிறுத்திவிடாதே.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது இரண்டு. இன்சூரன்ஸ் தாளையும் பயண அட்டவணையையும் நகலெடுத்து அனுப்பு. அந்தப் போதகர் வீட்டார் ஒவ்வொருவரின் பெயரையும், உங்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறவரின் பெயரையும் உங்கள் தலைவரிடம் கேட்டு எழுது. புதன்கிழமை ஜெபக்குழுவில் உன் பெயரோடு அந்தப் பெயர்களையும் சொல்லி ஜெபிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா