ஆளுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் சரித்திர நாவல்களுக்குப் போடுகிற மாதிரி விடைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கிற ஐந்தாறு பிள்ளைகளோடு கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வாசித்து வருகிறோம். போன மாதம் ஒரு பிள்ளை ரியூசனில் கொடுத்த போட்டோக்கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தாள். கதைப்பின்னல் அரைப் பக்கம், பாத்திரங்களுக்கு ஆளுக்கு ஒரு வரி, கீழே உத்திகள் என்று ஏழு பெயர்கள். சிவகாமிக்கு எழுதியிருந்தது 'மன உறுதி மிக்கவள், நடனத்தில் வல்லவள்'. அவ்வளவுதான். உங்கள் மாணவர் பக்கமும் ஏறக்குறைய இதே மாதிரித்தான் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த வாரம் நாங்கள் வாசித்தது, சாளுக்கியரின் தலைநகரான வாதாபியில் சிறைப்பட்டிருக்கிற சிவகாமியைக் கூட்டிப்போக, அவளின் காதலரான பல்லவ குலத்து மாமல்லர் ரகசியமாக வருகிற இடம். அவள் போகமாட்டேன் என்கிறாள். ஊரை எரித்துவிட்டு வந்து கூட்டிப்போ என்பதுதான் அவள் சபதம். அந்தப் பிள்ளையின் அம்மம்மா கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தா. 2006 இல் யுத்தத்தின்போது மூதூர் கிழக்கிலிருந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டவ.

"பிறகு அந்த ஊரை எரிச்சுப்போட்டாங்களோ?" என்று கேட்டா.

"ஓம் அம்மம்மா, கடைசிப் பாகத்தில."

"அப்ப அங்கத்தைச் சனம் எங்க போச்சு?"

ஒருவருக்கும் பதில் வரவில்லை. அதுவரை சிவகாமியின் பக்கம் மட்டுமே நின்று வாசித்துக்கொண்டிருந்த நாங்கள் அன்றைக்குத்தான் வாதாபியின் தெருக்களைப் பற்றி யோசித்தோம், அப்புறம் சிவகாமி செய்தது சரியா பிழையா என்று விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் சண்டை. 'மன உறுதி மிக்கவள்' என்ற ஒரு வரிக்குள் இதில் எதை அடக்குவது?

கதைப்பின்னல் வேறு, பாத்திரம் வேறு, உத்தி வேறு என்று கூறு போட்டுக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய குறை. நாவலின் தொடக்கத்தையே எடுங்கள். பரஞ்சோதி என்ற கிராமத்துப் பிள்ளை காஞ்சிக்குப் படிக்க வருகிறான், ஆனால் கையில் ஒரு வேல் இருக்கிறது. ஊருக்குள் வந்த அன்றைக்கே மதம் பிடித்த யானை சிவகாமியின் பல்லக்கை நோக்கி ஓடிவர, அந்த வேலை எறிகிறான். அந்த எறியோடு அவன் படிப்பு போய்விட்டது, கடைசியில் பல்லவ சேனாதிபதியாகி வாதாபிக்குப் படை நடத்துகிறான். அந்த வேல் பின்னால் வரப்போவதற்கு முன்குறிப்பு, அவன் குணம் என்னவென்று காட்டுவதும் அதுதான், கதையைத் திருப்பிவிடுவதும் அதுதான். இதில் எதைப் பிரித்து எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? படிக்கப் போன பிள்ளை படைக்குப் போன வீடுகள் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ இருக்கின்றன, ஆகவே இதை எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த ஒரு நோட்ஸும் தேவையில்லை.

அந்தப் பரஞ்சோதிதான் பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார், வாதாபியைத் துகளாக்கியவர் என்று பெரியபுராணமே சொல்கிறது. அவரைத் தன் பதிகத்தில் பாடிய சம்பந்தர்தான் எங்கள் கோணமாமலையையும் பாடினார். இதைச் சொன்னவுடன் கோணேசர் கோயிலுக்கு வாராவாரம் போகிற ஒரு பொடியன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏழாம் நூற்றாண்டு அவனுக்குச் சட்டென்று கிட்ட வந்துவிட்டது.

எழுதப்பட்ட காலத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கதை வாராவாரம் 'கல்கி' இதழில் தொடராக வரத் தொடங்கியது 1944 இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. அத்தியாயங்கள் ஏன் இப்படி நெஞ்சு அடிக்க அடிக்க முடிகின்றன என்பதற்கு அந்தத் தொடர் வடிவம் ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான், அதே மாதம் சென்னையிலும் சனம் பயத்தில் ஊரை விட்டுப் போனது. காஞ்சி முற்றுகைக்குத் தயாராகிற பகுதியை வாசித்த அன்றைய வாசகருக்கு அது வெறும் பழங்கதையாகவா இருந்திருக்கும்?

அஜந்தா வர்ண ரகசியம் பற்றி மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். நாடே பற்றி எரிகிற நேரத்திலும் சிவகாமியின் அப்பா ஆயனச் சிற்பி அழியாத வர்ணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார், அந்த ஆசையையே சாளுக்கிய ஒற்றன் நாகநந்தி தூண்டிலாக்குகிறான். போட்டோக்கொப்பியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மாதிரி விடைகளை நிறுத்திவிட்டு வாரம் ஒரு நாவலிலிருந்து ஒரு பக்கத்தைப் போடுங்கள், கீழே இரண்டு கேள்வி போதும், பிள்ளைகள் அனுப்புகிற பதில்களை அடுத்த வாரம் அச்சிடுங்கள், பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தோடு அந்தப் பிள்ளை அம்மம்மாவின் கேள்வியை வைத்துத் தானே எழுதிய ஒன்றரைப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். பெயர் போடவேண்டாம் என்கிறாள். இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை.