லடாக்குக்கு வண்டி எடுக்கும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ஜூன் பிறந்தால் நம்மூர் மெக்கானிக் கடைகளில் லடாக் பேச்சுதான். போய் வாருங்கள். நானும் போனவன்தான். பாங்காங் ஏரியைக் கண்டதும் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து நின்றேன். அது யார் வீட்டு வாசல் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

வெறும் பொட்டல் என்று நமக்குத் தோன்றும் சாங்தாங் மேட்டுநிலம், சாங்பா மக்களின் மேய்ச்சல் நிலம். 4,000 மீட்டருக்கு மேலே, யாக் மயிரில் நெய்த 'ரெபோ' கூடாரத்தைப் பிரித்தும் கட்டியும் ஆடுகளோடு இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். மைனஸ் 30 டிகிரிக் குளிரைத் தாங்க அந்த ஆடுகளுக்கு மேல்முடிக்கு அடியில் பூப்போல இன்னொரு முடி வளரும். குளிர் விட்டதும் அதைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். பஷ்மினா என்பது அதுதான்.

இந்த முடிக்காகப் படையே நடந்திருக்கிறது! இதை வாங்கும் உரிமை காஷ்மீருக்கு மட்டுமே என்று 1684-லேயே திங்மோஸ்கங் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். 1834-இல் ஜம்முவிலிருந்து தோக்ரா தளபதி சொராவர் சிங் லடாக் மேல் படையெடுத்ததற்கும் இந்த வியாபாரம் ஒரு காரணம். மனிதர் அதோடு நிற்கவில்லை. 1841-இல் திபெத்துக்குள்ளும் போனார். டிசம்பர் குளிரில் மாட்டிக்கொண்டு, சண்டையில் உயிரை விட்டார். அப்புறம் 1962 சீனப் போர். ரெசாங் லா நினைவிடத்தில் நீங்கள் கட்டாயம் வண்டியை நிறுத்துவீர்கள். நவம்பர் 18 அன்று மேஜர் சைத்தான் சிங்கும் அவருடைய குமாவூன் படைப்பிரிவு வீரர்களும் கடைசிவரை நின்றதன் நினைவு அது. அந்தப் போருக்குப் பிறகு எல்லை மூடியது, மேய்ப்பர்களின் நிலமும் சுருங்கியது. அதைப் போட்டோ எடுக்க முடியாது.

சரி, உங்களிடம் கேட்க வந்ததைச் சொல்கிறேன். சோ கார், ஹான்லே பக்கம் பச்சையாகத் தெரியும் ஈரப் புல்வெளியில் வண்டியை இறக்காதீர்கள். கோடை குறுகிய அந்த ஊரில் டயர் கிழித்த புல் லேசில் திரும்ப முளைக்காது. கருங்கழுத்துப் பெருங்கொக்கு கூடு கட்டுவதும் அந்தச் சதுப்பில்தான். நாம் போடும் மிச்சம் மீதியைத் தின்று பெருகும் நாய்கள் அதன் முட்டையையும் குஞ்சையும் விடுவதில்லை. ஆகவே குப்பையைப் பையில் கட்டி லே நகரம் வரை கொண்டுவாருங்கள். மார்மோட்டுக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். புல்லைத் தின்று கொழுத்து, குளிர்காலம் முழுக்க வளைக்குள் தூங்கும் பிராணி அது. கிரீம் பிஸ்கட் அதற்கு எதற்கு? கியாங் என்ற காட்டுக் கழுதை வண்டியோடு சேர்ந்து ஓடினால், பந்தயம் என்று நினைத்து ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். மெல்லிய காற்றில் அது பயந்து ஓடுகிறது.

மந்தை சாலையைக் கடந்தால் ஹாரன் அடிக்காமல் இன்ஜினை அணையுங்கள். மந்தைக்குப் பின்னால் வரும் மேய்ப்பரிடம் 'ஜூலே' என்று சொல்லுங்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன், மூன்றுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் போய், அந்த ஈரப் புல்லில் தடம் பதித்துவிட்டு வந்த ஓர் அண்ணன்